குன்னத்து அம்பாசிடரின் கார்புரேட்டர்

பெரம்பலூர் துறைமங்கலத்தில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் அருள்முருகன் இருபத்திரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்தார். டிராக்டரும் பார்ப்பார், டீசல் வண்டியும் பார்ப்பார். ஆனால் அவரைத் தேடி வந்தவை பெட்ரோலில் ஓடும் பழைய கார்கள்தான். அம்பாசிடர், பத்மினி, எப்போதாவது ஒரு ஜீப். அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்தெல்லாம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். விட்டுவிட்டுப் போய்விடுங்கள் என்பார். எப்போது கிடைக்கும் என்று கேட்டால் பதில் வராது. வேலை முடிந்தால் அவரே போன் செய்வார். ஒரு தடவை அவர் கை வைத்த வண்டி அதே கோளாறுக்காகத் திரும்பி வந்தது கிடையாது என்று ஊரில் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று, வைகாசி மாதம். குன்னத்திலிருந்து செல்லப்பன் ஒரு வெள்ளை அம்பாசிடரை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அறுபத்தெட்டு வயது. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிறவர். இருபது வருடம் முன்னால் அரியலூரில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய வண்டி. ஆறு வருடமாகக் கொட்டகையில் கிடந்ததில் டயரெல்லாம் தரையோடு அமுங்கிப் போயிருந்தது.

"தம்பி, இத ஓட வச்சுக் குடுத்துரு. வூட்டுக்காரி செங்கமலத்துக்கு முட்டி போயிருச்சு, பஸ்ஸுல ஏற முடியல. ஆடி வெள்ளிக்குச் சிறுவாச்சூர் போவணும்ங்குறா."

"வாடகைக்கு ஒரு கார் சொல்லிக்கலாமேங்கய்யா."

"நானும் அதத்தான் சொன்னேன். நம்ம வண்டியிலதான் வருவேன்னு ஒக்காந்துட்டா."

பிளக்கை மாற்றி, பாட்டரி வைத்து, பெட்ரோல் பம்பைச் சரி செய்த பிறகும் வண்டி ஓடவில்லை. கோளாறு கார்புரேட்டரில் இருந்தது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குள் அனுப்புகிற சாமான் அது. ஒரு கைக்குள் அடங்கிவிடும். ஆறு வருடம் உள்ளே நின்ற பெட்ரோல் வற்றிப் பிசின் மாதிரி காய்ந்து, பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஜெட்டுகளின் துளையெல்லாம் அடைத்துப் போயிருந்தது. அருள்முருகன் அதைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகப் பிரித்து, எவர்சில்வர் தட்டில் கழற்றிய வரிசையிலேயே வைத்தார். ஜெட்டுக்குள் கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும் என்பதால், தின்னரில் ஒரு நாள் ஊறப் போட்டு, கம்ப்ரசர் காற்றில் ஊதி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். துளை வழியாக ஊசி முனையளவு வானம் தெரிந்தது. திருச்சிக்குப் போய்ப் புது கிட் வாங்கி வந்தார். புது வால்வு, கேஸ்கெட், வாஷர்கள். மறுநாள் மதியம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கோத்தார்.

அன்று சாயங்காலம் வண்டி ஸ்டார்ட் ஆனது. இன்ஜின் சூடாகும் வரை காத்திருந்து, டியூனிங் ஸ்குரூவைக் கால் சுற்று வெளியே திருப்பினார். இன்ஜின் மூச்சு வாங்குவது மாதிரி ஏறி இறங்கியது. கொஞ்சம் உள்ளே திருப்பினார், நிதானமானது. இன்னும் உள்ளே, துடித்தது. மறுபடி வெளியே. இப்படியே முக்கால் மணி நேரம். கடைசியில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோது அதிர்வு ஒரே சீராக இருந்தது. அதன் பிறகு இரண்டு நாள் எளம்பலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

வண்டியை எடுக்கச் செல்லப்பனோடு செங்கமலமும் வந்திருந்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "சத்தமே கேக்கல. ஓடுதா இது?" என்றார். ஓடுகிறது என்று அருள்முருகன் சொன்னதும் சிரித்தார். "ஒன் பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிடுறேன். நட்சத்திரம் என்னாப்பா?"

"அனுசம்மா."

விரல் விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார் அந்த அம்மா.

சிறுவாச்சூர் காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். ஆடி வெள்ளியில் ஊருக்குள் திரும்புகிற ரோடே நகராது. மூன்றாவது வெள்ளியன்று செல்லப்பனும் செங்கமலமும் காலை எட்டு மணிக்கு அந்த வரிசையில் நின்றார்கள். அரை மணி நேரமாக வண்டி ஊர்ந்து ஊர்ந்து நின்றது. பிறகு பானெட்டின் இடுக்கிலிருந்து புகை வந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் காய்ந்துவிட்டது என்று நினைத்து, செல்லப்பன் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். காற்றுப் பட்டதும் குப்பென்று தீ எழுந்தது. அவர் பின்னால் சாய்ந்தபடி, "தண்ணி எடுத்தா, தண்ணி எடுத்தா" என்று கத்தினார். முட்டி வலியோடு செங்கமலம் இறங்கி, காலடியில் வைத்திருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினார். பெட்ரோல் தீ தண்ணீரின் மேலேறிப் பரவி இரண்டு பக்கமும் வழிந்தது. அவர் கட்டியிருந்தது நைலக்ஸ் புடவை.

ரோட்டோரம் தேங்காய்க் கடை போட்டிருந்த ஜோதி என்கிற பெண்தான் சாக்கைப் போட்டு அவரை உருட்டியவள். தகவல் கேட்டு அருள்முருகன் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் போய்விட்டது. வண்டியின் முன்பக்கம் கறுத்து நின்றது. நடந்ததையெல்லாம் ஜோதிதான் அவரிடம் சொன்னாள். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. "அந்தப் பெரியவரு கையைத் தலையில வச்சிட்டு, நாந்தான் ஊத்தச் சொன்னேன், நாந்தான் ஊத்தச் சொன்னேன்னு அதயே சொல்லிட்டு இருந்தாருங்க" என்றாள்.

செங்கமலம் திருச்சி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். ஆறாம் நாள் காலையில் இறந்து போனார்.

போலீஸில் அருள்முருகனையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். வண்டியைப் பரிசோதித்தவர்களால் எதையும் சொல்ல முடியவில்லை. கார்புரேட்டர் உருகிக் கட்டியாகிப் போயிருந்தது. பழைய வண்டி, பெட்ரோல் கசிவு, விபத்து என்று எழுதி முடித்தார்கள். செல்லப்பனே அங்கே கைகூப்பிச் சொன்னாராம்: "அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்லீங்க. வண்டி நல்லாத்தான் ஓடுச்சு."

கருமாதிக்கு முந்தின நாள் அருள்முருகன் ஷெட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். வேலை செய்கிற மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்தியபோது, அந்தக் கிட் வந்த பிளாஸ்டிக் கவர் கிடந்தது. எடுத்து உதறினார். சிவப்பு நிறத்தில் ஒரு வாஷர் தரையில் விழுந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. கார்புரேட்டர் மூடியில் வால்வை முறுக்கும்போது அதன் அடியில் போட வேண்டிய வாஷர். அது இல்லாவிட்டால் வால்வு மூடினாலும் மரை வழியாகப் பெட்ரோல் கசியும். கார்புரேட்டருக்குள் இருக்கிற சின்னத் தொட்டி நிறைந்து வெளியே வழியும். அம்பாசிடரில் கார்புரேட்டருக்கு நேர் கீழே இருப்பது புகைபோக்கிக் குழாய். அடுப்பு மாதிரிக் கொதிக்கும்.

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சில கிட்டுகளில் ஒன்றுக்கு இரண்டாக வாஷர் வரும். இதுவும் அப்படி மிஞ்சியதாக இருக்கலாம். போட்டேனா? வால்வை முறுக்கியது நினைவிருந்தது. மூடியைப் போட்டது நினைவிருந்தது. இரண்டுக்கும் முன்னால் என்ன செய்தோம் என்பது மட்டும் வரவில்லை. அந்த மதியத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. போன் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் சண்டை இல்லை. மற்ற நாட்களைப் போலவே ஒரு நாள். கவனம் தவறியிருந்தால், அது ஒரு காரணமும் இல்லாமல் தவறியிருந்தது.

மறுநாள் குன்னத்துக்குப் போனார். சொல்லிவிடலாம் என்றுதான் போனார். பந்தலில் செல்லப்பன் மொட்டையடித்த தலையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். மகள் நர்மதா எல்லோருக்கும் இலை போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் வெளிநாட்டில் இருந்ததால் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டிலேயே தங்கியிருந்தவள். அப்பா இருந்த பக்கம் அவள் முகத்தைத் திருப்பவே இல்லை. அருள்முருகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் தணிந்த குரலில் சொன்னார்: "அது அப்பங்கிட்டப் பேசுறதில்ல. பெட்ரோல் தீயில யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா, எங்கம்மாவ நீதான் கொன்னுட்டன்னு ஆஸ்பத்திரியில கேட்டுச்சு. அதோட சரி."

அருள்முருகன் சாப்பிடாமல் எழுந்து பஸ் ஏறினார். எதுவும் சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் எதைச் சொல்வது என்று தன்னிடமே கேட்டுக்கொண்டார். அது சாக்கு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஷெட்டில் வண்டிகள் தேங்கின. கோத்து முடித்த கார்புரேட்டரை மறுநாள் காலையில் பிரிப்பார். எல்லாம் சரியாக இருக்கும். மறுபடி கோப்பார். வண்டியை ஒப்படைக்கும் நாளில் போன் செய்து, இன்னும் இரண்டு நாள் ஆகும் என்பார். ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர் ஒரு மாதம் பார்த்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைக் கட்டி இழுத்துப் போனார். கார்த்திகைக்குள் புதிதாக யாரும் வருவது நின்றுவிட்டது. அவர் மனைவி வேணி, "ஏங்க, டாக்டரப் பாக்கலாமா?" என்று இரண்டு முறை கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்.

பங்குனியில் ஒரு நாள், ஷெட்டுக்குப் பின்னால் கிடந்த தன் சொந்த அம்பாசிடரைத் தள்ளிக்கொண்டு வந்தார். திருச்சியில் பழைய சாமான் கடையில் தேடி, செல்லப்பன் வண்டியில் இருந்த அதே வகைக் கார்புரேட்டரை வாங்கி வந்தார். கழுவி, ஊதி, புதுக் கிட் போட்டு, எல்லாவற்றையும் அன்று செய்த மாதிரியே செய்தார். வால்வுக்கு அடியில் வாஷரை மட்டும் போடவில்லை. தரையில் மணல் கொட்டி, இரண்டு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஸ்டார்ட் செய்தார்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இன்ஜின் குடிக்கிற பெட்ரோல் கசிவைவிட அதிகமாக இருந்தது. டியூனிங்கும் மாறாமல் சீராக இருந்தது. இரண்டாம் நாள் ரோட்டில் ஓட்டினார், கசியவில்லை. அவருக்கு நெஞ்சு லேசானது. பல மாதத்துக்குப் பிறகு வேணியிடம் காபி கேட்டு வாங்கிக் குடித்தார். மூன்றாம் நாள், அதிர்வில் வால்வு கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். வண்டியை நிற்க வைத்து, வரிசையில் நிற்கிற மாதிரியே அரை மணி நேரம் மெதுவாக ஓடவிட்டார். கார்புரேட்டரின் இடுப்பில் ஈரம் படிந்தது. ஒரு சொட்டு திரண்டு கீழே குழாயில் விழுந்து, ஸ்ஸென்று ஆவியாகிப் போனது. இன்னொரு சொட்டு. அவர் எட்டி இன்ஜினை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

வேணியிடம் சொன்னார்.

"இப்பப் போயிச் சொல்லி என்னங்க ஆவப்போவுது? போன உசுரு வருமா?"

"அவரு தன்னத்தான் சொல்லிட்டு இருக்காரு, வேணி. நாந்தான் கொன்னேன்னு."

மறுநாள் காலையில் தேய்த்த சட்டையை எடுத்து வைத்துவிட்டு, "போயிட்டு வந்துடுங்க" என்றாள்.

அது சித்திரை. குன்னத்தில் வெயில் காய்ந்தது. செல்லப்பன் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அந்த வண்டி நின்றது. போலீஸ் திருப்பிக் கொடுத்த பிறகு விற்க மாட்டேன் என்று அங்கே கொண்டுவந்து போட்டிருந்தார். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில்தான் அவர் படுத்திருந்தார். ஒன்பது மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். அருள்முருகனைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, "வா தம்பி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார்.

அருள்முருகன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். வாஷரைப் பற்றி, கவரைப் பற்றி, தன் வண்டியில் செய்து பார்த்ததைப் பற்றி. சொல்லச் சொல்லச் செல்லப்பன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத போட்டிருந்தா?"

"ஒழுகியிருக்காதுங்கய்யா."

"தீப் புடிச்சிருக்காது."

"புடிச்சிருக்காதுங்க."

பக்கத்துக் கொல்லையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. செல்லப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திட்டுவார் என்று அருள்முருகன் காத்திருந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

"சரி. நீ வந்து ஒன் பங்கச் சொல்லிட்ட," என்றார் செல்லப்பன். "நீ வாஷர் போடல. ஆனா தண்ணி எடுத்தான்னு சொன்னது நாந்தானே? அவ முட்டிய வச்சிக்கிட்டு எறங்கி வந்தது எஞ் சொல்லுக்குத்தானே? தீயப் பாத்ததும் எறங்கி ஓடுடின்னு சொல்லியிருந்தா இன்னைக்கு இருப்பா. எனக்கு நீ ஒண்ணும் கொறைக்கல தம்பி. நீ சொன்னதுனால எனக்கு ஒண்ணும் கொறையல."

"போலீஸ்ல எழுதிக் குடுத்துடுறேங்கய்யா."

"குடு. குடுக்காட்டிப் போ. இங்க இனிமே வராத."

அவர் வண்டி நின்ற பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அருள்முருகன் திரும்பியபோது பின்வாசலில் நர்மதா நின்றுகொண்டிருந்தாள். கையில் அப்பாவுக்கான சாப்பாட்டுத் தட்டு. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"கருமாதிக்கு மொத நாளு வாஷரப் பாத்தேம்மா."

"அன்னைக்கு நீங்க வந்திருந்தீங்க."

"வந்தேன்."

"எங்கப்பாகிட்ட நான் ஒம்போது மாசமாப் பேசலங்க," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஒரே வூட்டுக்குள்ள இருந்துக்கிட்டு. தட்ட வச்சிட்டுப் போயிடுவேன். அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா ஒங்கள வெறுத்திருப்பேன். அவர வெறுத்திருக்க மாட்டேன்."

அவள் நகர்ந்து வழி விட்டாள். அருள்முருகன் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றார். செங்கமலம் இறந்ததோடு முடிந்தது தன் தப்பு என்று அதுவரை நினைத்திருந்தார். பேசாமல் இருந்த ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் இன்னொன்றைச் செய்துகொண்டிருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

போலீஸில் எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த அதிகாரி இரண்டு தடவை படித்தார். வழக்கு முடிந்துவிட்டது, உருகிப்போன சாமானை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, புகார் கொடுக்கவும் அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்றார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. தண்டனை என்று ஒன்று வந்தால் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று அருள்முருகன் எண்ணியிருந்தார். அதுவும் வரவில்லை.

ஆவணியில் நர்மதாவிடமிருந்து ஒரே ஒரு முறை போன் வந்தது. அப்பா இறந்துவிட்டார் என்றாள். சாப்பாடு குறைந்துகொண்டே போய், பத்து நாள் படுக்கையில் கிடந்தாராம்.

"நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே அவருகிட்டப் பேசினேன். அப்பான்னு கூப்புட்டேன். மன்னிச்சிருங்கன்னு சொன்னேன். தெனமும் சொன்னேன். பதிலே சொல்லல. கோவமெல்லாம் இல்ல, என்னயப் பாத்தாரு, தலய ஆட்டினாரு. பேச்சுத்தான் வரல. கடைசி வரைக்கும் வரல." பிறகு, "ஒங்களுக்குத் தெரியணும்னுதான் சொன்னேன்," என்று வைத்துவிட்டாள்.

அருள்முருகன் ஷெட்டைக் காலி செய்தார். இப்போது காலை ஆறரை பஸ்ஸில் அரியலூர் போகிறார். சுண்ணாம்புக்கல் லாரிகள் நிற்கிற ஒரு யார்டில் சக்கரம் கழற்றி மாட்டுவது, கிரீஸ் அடிப்பது அவர் வேலை. எல்லாம் டீசல் வண்டிகள். மதியத்துக்குள் தலையும் புருவமும் வெள்ளையாகிவிடும். அவர் யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது, அவரும் சொல்லிக்கொள்வதில்லை. வேணி சாயங்காலம் வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வெந்நீர் எடுத்து வைப்பாள்.

போன வாரம் யார்டுக்கு ராஜதுரை என்கிற லாரி டிரைவர் தன் அப்பாவின் பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்ரோல் வழிகிறது, கார்புரேட்டரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"எனக்கு அது தெரியாதுங்க," என்றார் அருள்முருகன்.

"மெக்கானிக்குன்னு சொன்னாங்களே?"

"சக்கர வேல மட்டுந்தாங்க தெரியும்."

ராஜதுரை உதட்டைப் பிதுக்கிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். யார்டின் வாசல் வரைக்கும் மண்ணில் பெட்ரோல் கோடு மாதிரி விழுந்திருந்தது. அருள்முருகன் அவர் பின்னால் ஓடி, பெட்ரோல் டேப்பை மூடச் சொல்லிவிட்டு, ஸ்டார்ட் மட்டும் பண்ணிவிடாதீர்கள், தள்ளிக்கொண்டே போங்கள் என்று இரண்டு முறை சொன்னார். திரும்பி வந்து, மாட்டிக்கொண்டிருந்த சக்கரத்தின் பத்து நட்டுகளையும் முறுக்கினார். முதல் நட்டிலிருந்து மறுபடி பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. அந்தச் சக்கரத்துக்காகக் காத்திருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அருள்முருகன் குனிந்து மூன்றாம் முறை முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தார்.